ரஷ்யக் குறிநோக்கியும் ஆறு மில்லிமீட்டர் வெளிச்சமும்

ரஷ்யாவில் செய்யப்பட்ட துப்பாக்கித் தொலைநோக்கிகளைப் பற்றி மேற்குலகின் வேட்டைக்காரர்களிடமும் பழைய படைக்கலங்களைச் சேகரிப்போரிடமும் இரண்டு தீர்ப்புகள் நெடுங்காலமாக உலவுகின்றன. ஒன்று, அவை முரடானவை. கண்ணாடி மங்கல், திருகுகள் கரகரப்பு, ஜெர்மன் வேலைப்பாட்டின் பக்கத்தில் வைக்கத் தகாதவை. மற்றொன்று, அவற்றுக்கு அழிவே இல்லை. சேற்றில் விழுந்தாலும் பனியில் புதைந்தாலும் எடுத்துத் துடைத்துக்கொண்டு சுடலாம். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே அக்கருவியைக் கடையில் கிடக்கும் சரக்காகக் கண்டு சொன்ன தீர்ப்புகள். அது கடைக்காகப் பிறந்ததன்று. ஒரு கண்ணாடிப் பஞ்சத்தில் கருக்கொண்டு, ஒரு பெரும்போரில் வடிவம் பெற்றது. அதில் உள்ள உறுப்புகளுக்கும் இல்லாத உறுப்புகளுக்கும் அவ்விரண்டிலுமே காரணம் கிடைக்கிறது.

துப்பாக்கியின்மேல் பொருத்திக் குறிபார்க்கும் இத்தொலைநோக்கியை ஸ்கோப் என்று வழங்குவர். இங்கே குறிநோக்கி என்றே குறிக்கப்படும். ரஷ்ய மொழியில் இதற்குப் பெயர் 'பிரித்ஸேல்'. அதனுள் இருப்பது இலக்கு என்று பொருள்படும் 'த்ஸேல்'. அச்சொல் ரஷ்ய மொழிக்குப் போலந்து மொழி வழியாக வந்தது. போலந்து மொழிக்கு இடைக்கால ஜெர்மனிலிருந்து சென்றது. இன்றைய ஜெர்மனில் 'த்ஸீல்' என வழங்குவதும் அதுவே. சொல் எந்தத் திசையிலிருந்து வந்ததோ அந்தத் திசையிலிருந்தே கண்ணாடியும் வந்தது என்பது தற்செயல்தான். ஆயினும் கதையைத் தொடங்குவதற்கு வசதியான தற்செயல்.

முதல் உலகப்போருக்கு முன் உயர்தர ஒளியியல் கண்ணாடியைப் பெருமளவில் உருக்கி வார்க்கத் தெரிந்த நிறுவனங்கள் உலகில் ஒருசிலவே: ஜெர்மனியில் யேனா நகரத்து ஷாட், பாரிசில் பாரா-மான்டுவா, பர்மிங்காம் அருகே சான்ஸ் சகோதரர்கள். ஒளியியல் கண்ணாடி சன்னல் கண்ணாடியைப் போன்றதன்று. ஒரு கட்டி முழுவதும் ஒளியை ஒரே அளவில் வளைக்க வேண்டும். மூசையில் உருகும்போது இடைவிடாது கலக்கப்படாவிட்டால் உள்ளே இழை இழையாகக் கோடுகள் ஓடும். மூசையின் களிமண்ணே கரைந்து கண்ணாடியைக் கெடுப்பதும் உண்டு. வார்த்தபின் அவசரப்பட்டுக் குளிரவைத்தால் கட்டிக்குள் இறுக்கம் தங்கிப் பின்னொரு நாள் வெடிக்கும். ஆகவே கலவையின் விகிதத்தை அறிந்துவிட்டால் மட்டும் போதாது. எவ்வளவு நேரம் கலக்குவது, எப்போது நிறுத்துவது, எத்தனை நாள் ஆறவிடுவது என்பவை கைப்பழக்கத்தால் வருபவை. அவற்றை ஆலைகள் மறைபொருளாகக் காத்தன.

ரஷ்யப் பேரரசு தனக்கு வேண்டிய கண்ணாடி முழுவதையும் வெளியிலிருந்தே வாங்கியது. 1914 ஆகஸ்டில் யேனாவின் கதவு அடைபட்டது. பீரங்கிக்குக் குறிபார்க்கவும் தொலைவு அளக்கவும் இருவிழிநோக்கிகள் செய்யவும் கண்ணாடி இல்லை. பெட்ரோகிராடில் இதற்கென அமர்ந்தவர்கள் அரண்மனைக்குப் பீங்கான் செய்துவந்த பேரரசுப் பீங்கான் ஆலையினர். நிகலாய் கச்சாலோவ், இல்யா கிரெபென்ஷிக்கோவ் ஆகிய வேதியியலாளர்கள் அங்கே சோதனை உலைகளை மூட்டினர். முறையை விரைவில் கற்க வேண்டி, பெரும் தொகை கொடுத்துச் சான்ஸ் நிறுவனத்திடமிருந்து அதன் மறைபொருளை ரஷ்ய அரசு வாங்கியது. 1916இல் கார்கிவ் பகுதியில் இஸ்யூம் என்னும் சிற்றூரில் தனி ஆலை ஒன்றுக்கு அடிக்கல் இடப்பட்டது. அது முழுமையாக எழும் முன்பே பேரரசு வீழ்ந்தது.

1918 டிசம்பரில், உணவும் விறகும் அரிதாயிருந்த பெட்ரோகிராடில், இயற்பியலாளர் திமீத்ரி ரொஷ்தெஸ்த்வென்ஸ்கி அரசு ஒளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். ஆய்வும் உற்பத்தியும் ஒரே கூரையின்கீழ் நிகழ வேண்டும் என்பது அவர் கொள்கை. கண்ணாடி உருக்குபவனும் வில்லையைக் கணக்கிடுபவனும் ஒருவரையொருவர் அறியாதிருந்ததே பழைய ரஷ்யாவின் குறை என அவர் கண்டார். ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. 1927இல் சோவியத் ஒன்றியம் ஒளியியல் கண்ணாடி இறக்குமதியை நிறுத்தியது. இந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னாளில் வந்த எல்லாக் குறிநோக்கிகளுக்கும் இதுவே அடித்தளம்.

ஆனால் கண்ணாடி கைவந்ததும் வடிவமைப்பு கைவந்துவிடவில்லை. 1930களின் தொடக்கத்தில் வெளிவந்த பி.டி., பி.ஈ. ஆகிய குறிநோக்கிகள் ஜெர்மன் முன்மாதிரிகளின் சாயலில் அமைந்தவை. பி.ஈ. ஏறத்தாழ 4 மடங்கு பெருக்கிக் காட்டியது. எடை 600 கிராம் அளவில் இருந்தது. அதை 1891ஆம் ஆண்டின் மோசின் ரைஃபிள்மேல் ஏற்றினர். ஏற்றியதுமே இடர்கள் தொடங்கின. குறிநோக்கி தோட்டா அறைக்கு மேலே படுத்துக்கொண்டதால் ஐந்து தோட்டாக்களைக் கிளிப்போடு சேர்த்து ஒரே அழுத்தில் இறக்க முடியவில்லை. ஒவ்வொன்றாக விரலால் செருக வேண்டியதாயிற்று. போல்ட்டின் நேர்க்கைப்பிடி குறிநோக்கியில் இடித்தது. ஆகவே அதை நீட்டிக் கீழ்நோக்கி வளைத்தனர். இன்று சேகரிப்போர் அவ்வளைந்த கைப்பிடியைக் கண்டே ஸ்னைப்பர் மோசினை அடையாளம் காண்கின்றனர். அந்த அழகிய வளைவுக்குக் காரணம் ஓர் இடிபாடுதான்.

இக்குறிநோக்கிகளைச் செய்த இடங்களுள் ஒன்று கார்கிவின் ட்ஸெர்ஷின்ஸ்கி கம்யூன். ஆதரவற்ற சிறாருக்காக அமைக்கப்பட்டு, கல்வியாளர் அன்டோன் மகாரென்கோவின் பொறுப்பில் வளர்ந்த குடியிருப்பு அது. ஜெர்மனியின் லைக்கா கேமராவைப் பார்த்து ஃபெட் கேமராவைச் செய்ததும் அங்கேதான். படியெடுத்தல் என்று இகழ்வது எளிது. தெருவில் கிடந்த பிள்ளைகளின் கைகள் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கைக் கற்றுக்கொண்டது அப்படியெடுத்தலின் வழியாகத்தான் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

பி.ஈ.யிலிருந்து முதலில் நீங்கிய உறுப்பைக் கவனித்தால் சோவியத் வடிவமைப்பின் போக்கு புலப்படும். சுடுபவரின் பார்வைக் குறைவுக்கேற்பத் திருகிக்கொள்ள அதன் கண்முனையில் ஒரு வளையம் இருந்தது. சுழலும் வளையம் என்றால் இடுக்கு. இடுக்கு என்றால் ஈரமும் தூசியும் புகும் வழி. 1930களின் பிற்பகுதியில் வந்த பி.ஈ.எம். குறிநோக்கியில் அவ்வளையம் இல்லை. கண்ணாடி அணிபவருக்கு இது இழப்பு. ஆனால் இலையுதிர்காலச் சேற்றில் உள்ளே பனிபடர்ந்துபோன குறிநோக்கி எவருக்கும் பயனில்லை. எல்லோருக்கும் பொருந்துவதைக் காட்டிலும் பெரும்பாலோரிடம் பழுதின்றி இயங்குவது மேல் என்னும் முடிவு இங்கே எடுக்கப்பட்டது. பின்னர் வந்தவை இம்முடிவின் தொடர்ச்சியே.

1940இல் வந்த பி.யூ. இப்போக்கின் உச்சம். தானாகத் தோட்டா ஏற்றும் டோக்கரெவ் ரைஃபிளுக்காக உருவான இதன் நீளம் 169 மில்லிமீட்டர், எடை 270 கிராம். பி.ஈ.யின் எடையில் பாதிக்கும் குறைவு. முன்புறம் புடைத்த வாயில்லை; ஒரே பருமனுள்ள நேர்க்குழாய், அதன்மேல் இரண்டு திருகுகள், அவ்வளவே. 3.5 மடங்கு பெருக்கம், 100 மீட்டரில் ஏறத்தாழ 8 மீட்டர் அகலமுள்ள காட்சி.

3.5 மடங்கு குறைவாகத் தோன்றலாம். காரணம் எளிய வகுத்தலில் இருக்கிறது. முன்வில்லையின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். பி.யூ.வில் அது 6 மில்லிமீட்டர். பகலில் மனிதக் கண்ணின் பாவை 2, 3 மில்லிமீட்டருக்குச் சுருங்கியிருக்கும். அந்தியில் 6, 7 வரை விரியும். ஆகவே விடியலிலும் அந்தியிலும் விரிந்த பாவையைக் கிட்டத்தட்ட நிரப்பும் ஒளியை இச்சிறு குழாய் தந்தது. பெருக்கத்தைக் கூட்டியிருந்தால் ஒளிக்கற்றை ஒடுங்கும். அல்லது முன்வில்லையைப் பெரிதாக்க வேண்டும், கண்ணாடியும் எடையும் கூடும். ஸ்னைப்பர் வேலை பெரும்பாலும் நடப்பது அரைவெளிச்சத்தில். ரஷ்யக் குளிர்காலத்தில் பகலே அரைவெளிச்சம். இருபது ஆண்டுகள் கழித்து முற்றிலும் வேறான ஒரு குறிநோக்கியை வரைந்தபோதும் சோவியத் வடிவமைப்பாளர்கள் இந்த 6 மில்லிமீட்டரைக் கைவிடவில்லை.

பி.யூ. பிறந்த ஓராண்டுக்குள் போர் வந்தது. 1941 கோடையிலும் இலையுதிர்காலத்திலும் ஒளியியல் தொழில் முழுவதும் ரயிலேறியது. மாஸ்கோவை அடுத்த கிராஸ்னகோர்ஸ்க் ஆலை 3000 கிலோமீட்டருக்கும் அப்பால் நோவோசிபிர்ஸ்குக்குச் சென்றது. லெனின்கிராடின் ஆலைகள் ஓம்ஸ்க், கசான் நகரங்களில் இறங்கின. அரசு ஒளியியல் நிறுவனம் வோல்காவுக்கு அப்பால் யோஷ்கர்-ஓலா என்னும் சிறுநகரில் கடை விரித்தது. அதன் நிறுவனர் ரொஷ்தெஸ்த்வென்ஸ்கி அப்போது உயிரோடு இல்லை. 1940இல் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார். நிறுவனத்தின் அறிவியல் பணியைத் தலைமையேற்று நடத்தியவர் செர்கேய் வவீலோவ். அவர் யோஷ்கர்-ஓலாவில் படைக்கான ஒளியியல் கருவிகளுக்காக உழைத்துக்கொண்டிருந்தபோது, அவருடைய அண்ணனும் உலகறிந்த தாவரவியலாளருமான நிகலாய் வவீலோவ் 1943 ஜனவரியில் சராத்தோவ் சிறையில் மாண்டார். சிறையிலிட்டதும் அதே அரசு. இதனைச் சொல்லாமல் சோவியத் வில்லைகளின் தரத்தைப் பற்றி மட்டும் பேசுவது அரைகுறைக் கதையாகும்.

டோக்கரெவ் ஸ்னைப்பர் ரைஃபிள் ஏறத்தாழ 50 ஆயிரம் செய்யப்பட்டபின் கைவிடப்பட்டது; குண்டுகள் எதிர்பார்த்த நெருக்கத்தில் விழவில்லை. குறிநோக்கி மட்டும் தப்பியது. 1942இல் கொச்செத்தோவ் வடிவமைத்த பக்கத்தாங்கியில் பூட்டி அதைப் பழைய மோசின்மேல் ஏற்றினர். ஸ்டாலின்கிராடிலும், 1943இல் பதோல்ஸ்க் அருகே நிலைபெற்ற பெண்கள் ஸ்னைப்பர் பள்ளியிலிருந்து போர்முனைக்குச் சென்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளம்பெண்களின் கைகளிலும் இருந்தது இந்த இணைதான்.

அது குறையற்ற கருவியா? அன்று. வேறொரு துப்பாக்கிக்காகச் செய்ததால் மோசினில் அது உயரமாகவும் முன்தள்ளியும் அமர்ந்தது. கன்னத்தை மரக்கட்டையில் பதித்தால் கண் எட்டாது. தலையைத் தூக்கி, தாடையை ஊன்றிச் சுட வேண்டும். திருகைச் சுழற்றினால் குறிக்கோடு முழுவதுமே காட்சிக்குள் இடம் மாறும். தாங்கியைச் சரிவரப் பொருத்தாவிட்டால் குறி காட்சியின் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும். போர்க்கால வில்லைகளில் குமிழிகள் உண்டு. தயாரிப்பு ஆலைக்கு ஆலை, ஆண்டுக்கு ஆண்டு வேறுபட்டது. மேற்கத்திய வேட்டைக்காரரின் குறைகூறல் இவ்விடத்தில் நியாயமானதே. ஆனால் அதே திருகின் மேல் பொறித்த எண்களையும் பார்க்க வேண்டும். அவை கோண அளவுகள் அல்ல. 1 முதல் 13 வரை, நூறு நூறு மீட்டர்கள். தோட்டாவின் வீழ்ச்சியை ஆலையிலேயே கணக்கிட்டுத் திருகுக்குள் அடைத்துவிட்டனர். சில வாரப் பயிற்சி மட்டுமே பெற்ற ஒருவர் தொலைவை மதிப்பிட்டு எண்ணைத் திருப்பினால் போதும். கணக்குப் போட வேண்டியதில்லை.

எதிரியும் இதைக் கவனித்தான். ஜெர்மன் படை பெருமளவில் வழங்கிய 1.5 மடங்குக் குறிநோக்கி சிறியதாய், கண்ணுக்கு வெகுதொலைவில் இருந்ததால் வீரர்களிடம் நற்பெயர் பெறவில்லை. 1943 வாக்கில் அவர்கள் கொண்டுவந்த சிறிய 4 மடங்கு இசட்.எஃப்.-4 குறிநோக்கியில் பி.யூ.வின் செல்வாக்கைப் படைக்கல வரலாற்றாசிரியர் பலர் காண்கின்றனர். யேனாவிடம் கற்ற மாணவனிடம் ஜெர்மனி திரும்பிக் கற்ற தருணம்.

போர் முடிந்தபின் பாய்ச்சல் மறுபடி எதிர்த்திசையில். யேனாவின் ட்ஸைஸ் ஆலையிலிருந்து இயந்திரங்களும், 1946 அக்டோபரில் வல்லுநர்களும், போர் இழப்பீடாகக் கிழக்கே கொண்டுசெல்லப்பட்டனர். அதற்காக அதன்பின் வந்தவை அனைத்தையும் ஜெர்மன் கொடை என்றுவிட முடியாது. வில்லையின் பரப்பில் வீணாய்த் தெறிக்கும் ஒளியைக் குறைக்கும் மெல்லிய பூச்சில் ட்ஸைஸ் முந்தியது உண்மை. ஆனால் போருக்கு முன்பே கிரெபென்ஷிக்கோவ் தம் சொந்த வேதிமுறையை லெனின்கிராடில் கண்டிருந்தார். இப்பூச்சுக்கு ரஷ்ய மொழியில் வைத்த பெயர் 'பிரஸ்வெத்லேனியே'. மனம் தெளிவுறுதல், ஞானம் பிறத்தல் என்னும் பொருளிலும் வழங்கும் சொல் அது. சோவியத் கேமரா வில்லைகளில் சிவப்பாகக் காணப்படும் ரஷ்ய 'ப' எழுத்து அச்சொல்லின் முதலெழுத்து.

1963இல் யெவ்கேனி டிராகுனோவின் ரைஃபிளைச் சோவியத் படை ஏற்றபோது அதனுடன் வந்தது பி.எஸ்.ஓ.-1. போரின்போது இடம்பெயர்ந்து சைபீரியாவில் வேரூன்றிவிட்ட நோவோசிபிர்ஸ்க் ஆலையின் ஆக்கம். 4 மடங்கு பெருக்கம், 24 மில்லிமீட்டர் முன்வில்லை; வகுத்தால் அதே 6. எடை பி.யூ.வைப்போல் இருமடங்குக்கு மேல். அவ்வெடைக்கு ஈடாகக் கிடைத்தவை பல. உள்ளே உலர்ந்த நைட்ரஜன் நிரப்பி மூடியதால் பனிபடர்வது தடுக்கப்பட்டது. இடப்பக்கத் தாங்கியில் நெம்புகோலால் நொடியில் பூட்டலாம், கழற்றலாம். ரப்பர்க் கண்மூடி தலையைச் சரியான இடத்தில் நிறுத்தும். குறிக்கோட்டை இரவில் சிறு விளக்கு ஒளிரச் செய்யும். உறைகுளிரில் மின்கலம் செத்துவிடும் என்பது சைபீரியர்க்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே துணைக்கருவியாக ஒரு கம்பிவடம் வழங்கப்பட்டது. மின்கலத்தைச் சட்டைக்குள் உடற்சூட்டில் வைத்து, வடத்தைக் குறிநோக்கியுடன் இணைத்துக்கொள்ளலாம். நேர்த்தியற்ற தீர்வு என்று ஒருவர் சிரிக்கலாம். பனியில் படுத்திருப்பவர் சிரிக்கமாட்டார்.

இன்னொன்று நயமானது. அன்று இரவில் பார்க்கும் கருவிகள் அகச்சிவப்பு விளக்கை எதிரில் வீசி, அதன் மீளொளியைக் கொண்டு கண்டன. பி.எஸ்.ஓ.-1க்குள் ஒளிரும் வேதிப்பொருள் பூசிய ஒரு சிறு திரை உண்டு. பகல் வெயிலில் காட்டி அதை ஊட்டிவைத்தால், இரவில் எதிரியின் அகச்சிவப்பு விளக்கு அதன்மீது படும்போது பச்சையோ ஆரஞ்சோ கலந்த பொட்டாகத் தெரியும். தன்னை மறைத்துக்கொண்டதாக எண்ணும் விளக்கே அவனைக் காட்டிக்கொடுக்கும். செர்கேய் வவீலோவின் வாழ்நாள் ஆய்வுத்துறையான ஒளிர்வியலைச் சேர்ந்த நுட்பம் இது. ஆனால் 1960களின் நடுவிலேயே விண்மீன் வெளிச்சத்தைப் பெருக்கிப் பார்க்கும் கருவியை அமெரிக்கர் வியட்நாமுக்குக் கொண்டுவந்துவிட்டனர். விளக்கே வீசாதவனை இத்திரை எப்படிக் காட்டும்? ஆயினும் பல்லாண்டுகள் அது ஒவ்வொரு குறிநோக்கியிலும் இடம்பெற்றே வந்தது. பிந்திய வடிவத்தில்தான் நீக்கினர். வரைபடத்தை ஒருமுறை உறுதிசெய்தால் எளிதில் மாற்றாத திட்டப் பொருளாதாரத்தின் பலமும் பலவீனமும் இச்சிறு திரையில் ஒன்றாகத் தெரிகின்றன.

குறிக்கோட்டின் இடப்புறத்தில் கீழே ஒரு வளைகோடு. அதன் மேல் 2 முதல் 10 வரை எண்கள். கிடைக்கோட்டில் எதிரியின் பாதத்தை வைத்து, தலையுச்சி வளைகோட்டைத் தொடும் இடத்தின் எண்ணைப் படித்தால், அதுவே நூறு மீட்டர்களில் தொலைவு. வரைந்தவர்கள் மனிதனின் உயரத்தை 1.7 மீட்டர் என்று கொண்டனர். இந்த ஓர் எண் குறிநோக்கியின் வேறெந்த உறுப்பைக் காட்டிலும் ஆழமாய்ப் பதிந்துவிட்டது. எவ்வாலையில் படியெடுத்தாலும் அவ்வளைகோடு கூடவே செல்கிறது. எதிரில் நிற்பவன் யாராயினும், எந்நாட்டவனாயினும், அக்கண்ணாடிக்குள் அவன் 1.7 மீட்டர் உயரமுள்ள ஓர் அளவுகோல்.

1991க்குப் பின் கதை சிதறுகிறது. அமெரிக்கச் சந்தையில் 'ரஷ்யக் குறிநோக்கி' என்று விற்றவற்றுள் பல உண்மையில் பெலாரசின் விலெய்க்கா நகரில், பெலோமோ குழுமத்தின் ஜெனித் ஆலையில் செய்தவை. வேட்டைக்காரருக்கான பிலாத் வகை ரஷ்யாவின் வோலக்தாவிலிருந்து வந்தது. படைக்காக வரைந்ததை வேட்டைக்கு விற்றபோதுதான் 'முரடு' என்னும் தீர்ப்பு பரவலாக எழுந்தது. மாறும் பெருக்கம், கண்ணிலிருந்து 9, 10 சென்டிமீட்டர் இடைவெளி, நுண்ணிய கோண அளவில் சொடுக்கும் திருகு ஆகியவற்றை எதிர்பார்த்தவர்களுக்கு ரப்பரில் கண்ணை ஒட்டவைக்கும் 4 மடங்குக் குழாய் பழம்பொருளாகத் தோன்றியதில் வியப்பில்லை. உயர்தரத் துல்லியக் குறிநோக்கிகளில் ரஷ்யத் தொழில் பின்தங்கியது என்பதையும் மறைப்பதற்கில்லை.

இந்தியத் தரைப்படைக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. டிராகுனோவ் ரைஃபிள் பல்லாண்டுகளாக இங்கே ஸ்னைப்பர்களின் கருவி. எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டில் அதனால் எட்ட முடியாத தொலைவுகளுக்காக 2019 வாக்கில் இத்தாலிய, அமெரிக்க ரைஃபிள்கள் வாங்கப்பட்டன.

1916இல் அடிக்கல் இட்ட இஸ்யூம் ஆலை, சோவியத் ஒளியியல் கண்ணாடியின் தொட்டில்களுள் ஒன்றாய் வளர்ந்தது. 1941இல் ஜெர்மன் படை நெருங்கியபோது அதன் உலைகளும் ஆட்களும் கிழக்கே அனுப்பப்பட்டனர். போருக்குப்பின் மீண்டும் எழுந்தது. 2022 வசந்தத்தில் அவ்வூரைக் கைப்பற்றியது ரஷ்யப் படை. அவ்வாண்டு செப்டம்பரில் உக்ரைன் அதை மீட்டது. இரு தரப்பிலும் டிராகுனோவ் ரைஃபிள்கள் இருந்தன, இருவர் கண்ணாடியிலும் அதே வளைகோட்டுடன்.